டிரைவர் இல்லாத வண்டி

தண்டவாளமே இல்லாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வே என்ஜினீயருக்கு என்ன வேலை என்று, நான் மகள் வீட்டோடு இங்கு வந்து சேர்ந்த புதிதில் நம் சங்கத்து அன்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலி நெடுநாள் நீடிக்கவில்லை. சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒயரும் ரிலேயுமாகக் கிடந்தவன் என்று தெரிந்ததும், "சார், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்தேன், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பார்த்துப் பார்த்து ஏறிய கர்வத்தில், உழைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணின் கடையை இரண்டு நாள் மூடவைத்தேன். அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து தோன்றிய ஒரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

ரங்கத் பஜாரில் என் சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி சிறு கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், இவற்றோடு ஆதார் கைரேகை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் உண்டு. வங்கிக்குப் போய் வரிசையில் நிற்க முடியாத வயதானவர்கள் அவள் கடைக்குத்தான் வருவார்கள். மாதப் பென்ஷன் பணத்தில் ஐந்நூறு, ஆயிரம் என்று எடுத்துப் போவார்கள். அவளிடம் இருப்பது 2020-இல் வாங்கிய ஒரு மடிக்கணினி, ஒரு பழைய லேசர் பிரிண்டர், உள்ளங்கையளவு கைரேகைக் கருவி. கடையின் மூலதனமே இவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவள் திரையில் அடிக்கடி ஏதோ எச்சரிக்கை வரத் தொடங்கியது. இயந்திரமும் மந்தமாகிவிட்டது. "மாமா, ரங்கத் பக்கம் வரும்போது கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று போனில் சொன்னாள். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் அரசு ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம், நம் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) விண்டோஸ் 11-ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஜிர்காடாங்கில் கான்வாய்க்குக் காத்திருந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் படகு ஏறி, மாலை போய்ச் சேர்ந்தேன்.

பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால், அழுக்குச் சுவரின் மேலேயே சுண்ணாம்பு அடிப்பானேன், சுரண்டிவிட்டு அடிப்பதுதான் வேலைக்காரனுக்கு அழகு என்று எனக்கொரு எண்ணம். அவளுடைய கோப்புகளை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவைத்தேன். அதுவரை சரி. பிறகு டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். இருபது நிமிடத்தில் புத்தம்புதுத் திரை வந்தது. நாடு எது, விசைப்பலகை எது என்று கேட்டது. அடுத்து, இணையத்தோடு இணைக்கச் சொன்னது. வைஃபை பட்டியல் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த மடிக்கணினியில் கேபிள் சொருகும் துளையும் கிடையாது. 'அடுத்து' என்ற பொத்தான் மங்கிப்போய், தொட்டால் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வைஃபைக்கு டிரைவர் இல்லை. டிரைவர் வேண்டுமானால் இணையம் வேண்டும். இணையம் வேண்டுமானால் டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை.

டிரைவர் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் என் தொழிலை வைத்துத்தான் சொல்வேன். ரயில் டிரைவரை இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். அவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும், பழகாத பாதையில் நேராக வண்டியை எடுக்க விடமாட்டார்கள். அந்தப் பாதை தெரிந்தவரோடு முதலில் போய்வர வேண்டும். எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் ஒளிந்திருக்கிறது, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று பார்த்துப் பழகி, "பாதை தெரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி அவர் கைக்கு வரும். ரோடு லேர்னிங் என்று இதற்குப் பெயர். கணிப்பொறியில் விண்டோஸ் என்பதும் லினக்ஸ் என்பதும் அப்படிப்பட்ட அனுபவசாலிகள். ஆனால் உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கும் குறிப்பிட்ட வைஃபை சிப்பு, குறிப்பிட்ட ஒலிச் சிப்பு, பக்கத்தில் இருக்கும் பிரிண்டர், இவை ஒவ்வொன்றும் அதற்கு ஒரு புதிய பாதை. அந்தப் பாதையின் விவரத்தை எழுதி, பொருளைச் செய்தவரே கொடுக்கும் சிறு மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால் பொருள் இருக்கும், மின்சாரமும் போகும், வேலை மட்டும் நடக்காது.

இதில் எனக்கு அவமானம் எங்கே என்றால், சிக்னல் துறையில் இந்தத் தவறைச் செய்ய எவனையும் விடமாட்டார்கள். ஒரு பாயிண்ட் மோட்டாரையோ சிக்னலையோ கழற்ற வேண்டுமானால் டி/351 என்றொரு படிவம் எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்து, அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம். அதற்கும் முன்னால், மாற்றிப் பொருத்த வேண்டிய சாமான் அத்தனையும் தண்டவாளத்து ஓரம் வந்து இறங்கியிருக்க வேண்டும். கழற்றிவிட்டுத் தேடப் போகிறவனை நாங்கள் என்ன சொல்லித் திட்டுவோம் என்பதை இந்தக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. முப்பத்தைந்து வருடம் அப்படித் திட்டிக்கொண்டிருந்தவன்தான் ரங்கத்தில் அன்றிரவு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் முழுவதும் போயிற்று. என் கைபேசியில் அந்த மடிக்கணினி நிறுவனத்தின் தளத்துக்குப் போனேன். மாடல் எண்ணைப் போட்டால் மூன்று வைஃபை டிரைவர்கள் வந்தன. ஒரே மாடலில், கிடைத்ததைப் பொறுத்து மூன்று நிறுவனங்களின் சிப்புகளைப் போட்டு விற்றிருக்கிறார்கள். இதில் எது என்று பெட்டியைப் பிரிக்காமல் எனக்குத் தெரியவில்லை. ஒன்றை இறக்கிப் பென் டிரைவுக்கு மாற்றிச் சொருகினால், அந்த ஆரம்பத் திரையில் அதை ஓட்டுவதற்கும் எனக்கு வழி தெரியவில்லை. கடை வாசலில் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். நாலாவதாக ஒரு பாட்டி. கையில் மருந்துச் சீட்டு. "மிஷின் ரிப்பேர் பாட்டி, நாளைக்கு வாங்க" என்று அவள் சொல்வது உள்ளே உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது. பிறகு தன் பர்சிலிருந்தே ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மாலையில் அவள் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். பதினொன்றாம் வகுப்பு. பையைக் கூட இறக்கவில்லை, "தாத்தா, போனை ஒயர்ல சொருகிப் பார்த்தீங்களா?" என்றான். சார்ஜ் போடும் ஒயரால் ஆண்ட்ராய்டு கைபேசியை மடிக்கணினியோடு இணைத்து, கைபேசியின் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதைத் தட்டினான். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறதாம். மங்கிக் கிடந்த பொத்தான் கறுத்தது. அதன் பிறகு வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாவற்றுக்கும் டிரைவரை விண்டோஸே தேடி இறக்கிக்கொண்டது. இந்த ஒரு உபாயத்தை மட்டும் நம்மவர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், பாதிக் கண்டம் தப்பும்.

மீதிப் பாதிதான் என் விஷயம். மடிக்கணினிக்கு உயிர் வந்துவிட்டது. கைரேகைக் கருவியும் பிரிண்டரும் பிணமாகக் கிடந்தன.

கைரேகைக் கருவியில் நிறுவனப் பெயர் தேய்ந்து போயிருந்தது. வந்த அட்டைப்பெட்டி என்றோ அடுப்புக்குப் போயிருந்தது. இங்கேதான் நான் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலையைச் செய்தேன். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியைத் திறந்தால், டிரைவர் கிடைக்காத பொருளின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். அதைத் திறந்து 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடி' என்பதைப் பார்த்தால் ஓர் எண் வரிசை இருக்கும். நம் சரக்கு வேகனில் பதினோரு இலக்க எண் எழுதியிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு கட்டிய வருடம் என்று போகும். பெயிண்ட் உரிந்த வேகனானாலும் எண் மட்டும் தெரிந்தால் ஜாதகம் முழுக்கச் சொல்லிவிடலாம். இதுவும் அப்படியே. முதல் நான்கு எழுத்தெண் செய்தவர் யார் என்பதைச் சொல்லும், அடுத்த நான்கு எந்தப் பொருள் என்பதைச் சொல்லும். இண்டெல் நிறுவனத்தின் எண் 8086; 1978-இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். தச்சன் தான் செய்த முதல் கட்டிலின் பெயரால் வீட்டுக்குப் பெயர் வைத்தது போல. கைரேகைக் கருவியின் எண்ணை வைத்துச் செய்தவரைக் கண்டுபிடித்தோம். அவர்கள் தளத்தில் டிரைவரும், ஆதாருக்கு வேண்டிய சேவை மென்பொருளும் இருந்தன. இரண்டையும் போட்டு, அவள் விரலை வைத்துப் பார்த்து, அது பிடித்துக்கொள்ள இரண்டாம் நாள் மத்தியானம் ஆகிவிட்டது.

பிரிண்டர்தான் கடைசிவரை சண்டித்தனம் செய்தது. பெயர் தெரியும், மாடல் தெரியும், செய்தவரும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தளத்தில் அந்த மாடலுக்கான டிரைவர் பக்கமே இல்லை. பழைய மாடல், ஆதரவு முடிந்தது, புதியதை வாங்குங்கள் என்று ஒரு வரி. இரண்டு நாளைக்கு முன்புவரை அந்த பிரிண்டர் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது அதன் டிரைவர் அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருந்தது. அதை அழித்தவன் நான். பூட்டைத் திறந்த சாவியைக் கடலில் வீசிவிட்டுப் பூட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்!

கடைசியில் காப்பாற்றியவர் மாயாபந்தரில் இருக்கும் நம்மவர் ஒருவர். அவரிடம் அதே மாடல் பிரிண்டர் இருப்பது அவளுக்கு நினைவு வந்தது. போனில் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தன் கணிப்பொறியில் இருந்த டிரைவரைத் தனியாக எடுத்து, சுருக்கி, இணையத்தில் அனுப்பிவைத்தார். ஏற்றினோம். முதல் தாள் வெளியே வந்தபோது இரவு ஒன்பது மணி. மூன்றாம் நாள் காலை கடை திறந்தது.

திரும்பிவரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கம்பெனியிடம் இல்லாதது எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தமிழர் வீட்டில் இருந்திருக்கிறது. அவரிடம் இருப்பது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அப்படியானால் இந்தத் தீவுகளில் எத்தனை வீடுகளில் எத்தனை டிரைவர்கள் இப்படிப் புதைந்து கிடக்கும்?

இந்தத் தொல்லை புதியதல்ல, விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறுவதுபோல் தலைமுறைக்கு ஒருமுறை வேறு முகத்தோடு வந்திருக்கிறது. விண்டோஸ் 98 காலத்தில் பென் டிரைவுக்கே தனி டிரைவர் வேண்டும். அதை வேறு வழியில் கொண்டுபோய்ப் போட்டால்தான் பென் டிரைவே தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சாட்டா வகை ஹார்டு டிஸ்க் வந்தபோது, நிறுவும் சமயத்தில் எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியில் டிரைவரைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிடும். அந்தக் கணிப்பொறிகளில் பலவற்றில் ஃபிளாப்பி சொருகும் இடமே இருக்காது என்பது வேறு விஷயம். 2015-க்குப் பிறகு வந்த இண்டெல் இயந்திரங்களில் விண்டோஸ் 7-ஐ ஏற்றப்போனால், யுஎஸ்பி டிரைவர் இல்லாமல் மவுசும் விசைப்பலகையும் பாதியில் செத்துப்போகும். இப்போதைய இண்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் நிறுவும் திரையில் டிஸ்க் தென்படாது. 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி, முன்கூட்டியே பென் டிரைவில் கொண்டுவந்த டிரைவரைக் காட்ட வேண்டும். கொண்டுவராதவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கிய கதையும் எனக்குத் தெரியும்.

மற்ற ஊர்க்காரர்களைவிட இந்த விஷயத்தில் நாம் நன்றாக அடிபட்டவர்கள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி ஒளியிழைக் கம்பி தொடங்கிவைக்கப்படும்வரை, நம்முடைய இணையம் முழுவதும் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. மகளைப் பார்க்க நான் முதலில் வந்துபோன நாட்களில் ஒரு டிரைவரை இறக்க இரவு முழுவதும் போட்டுவைப்பேன். விடிகாலையில் பார்த்தால் முக்காலில் அறுந்திருக்கும். அதனால் சென்னையிலிருந்து வரும்போதே குறுந்தகட்டில் எழுதிக்கொண்டு வருவேன். கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்த டிரைவர்கள் அவை. அந்தக் குறுந்தகடுகளைக் காகித உறையில் போட்டு, மேலே மாடல் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்கள் இங்கே இருந்தன. இப்போது சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி கிடக்கிறது. போர்ட் பிளேர் மட்டுமல்ல, ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் வரை போயிருக்கிறது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் கம்பி வந்ததும் நாம் செய்த முதல் வேலை அந்த உறைகளைத் தூக்கி எறிந்ததுதான்.

என் மாப்பிள்ளை இதைக் கேட்டுச் சிரிக்கிறார். "இப்போதெல்லாம் விண்டோஸே எல்லாவற்றையும் தேடிக்கொள்கிறது மாமா, நீங்கள் இன்னும் ஃபிளாப்பி காலத்தில் இருக்கிறீர்கள்" என்கிறார். பெரும்பாலும் அவர் சொல்வது சரி. பத்துப் பொருளில் ஒன்பதுக்கு விண்டோஸ் டிரைவர் தேடிக்கொள்ளும். பத்தாவது பொருள் வைஃபையாக இருந்தால் அந்த ஒன்பதும் கிடைக்காது. பத்தாவது பொருள் கைரேகைக் கருவியாக இருந்தால் ஒரு கடை மூடும். தவிர, கம்பி என்பதும் கம்பிதான். 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளில் கடலடி எரிமலை வெடித்து அவர்களுடைய ஒரே வெளிநாட்டுக் கம்பி அறுந்தபோது, பழுது பார்த்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. தீவில் குடியிருப்பவன் அவசரத்துக்கு வேண்டியதைத் தீவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் நமக்கு இது தெரியும்.

இன்னொரு பேச்சும் கேட்கிறேன்: கூகுளில் தேடினால் டிரைவர் கிடைத்துவிடாதா என்று. கிடைக்கும், அங்கேதான் ஆபத்து. பிரிண்டர் பெயரைப் போட்டு டிரைவர் என்று தேடினால், முதலில் வரும் தளங்கள் பலவும் பொருளைச் செய்தவருடையவை அல்ல. "உங்கள் கணிப்பொறியில் இத்தனை டிரைவர்கள் பழையவை" என்று சிவப்பில் பயமுறுத்தி, ஏதோ ஒரு நிரலை இறக்கச் சொல்லும், பிறகு பணம் கேட்கும். டிரைவர் சாதாரண நிரல் அல்ல. அது உட்காருவது என்ஜினின் கேபினில். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையில் நின்றது நினைவிருக்கும். நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மென்பொருளும் டிரைவர் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் விண்டோஸையே கீழே தள்ள முடிந்தது. நல்ல நிறுவனத்தின் தெரியாத தவறே அவ்வளவு செய்யுமென்றால், முகம் தெரியாதவன் கொடுப்பதைக் கேபினில் ஏற்றலாமா?

லினக்ஸ்காரர்கள் இந்த இடத்தில் கையை உயர்த்துவார்கள். அவர்கள் பெருமையில் நியாயம் உண்டு. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உள்ளேயே பிறக்கின்றன; தவிர, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப்பார்த்து, வைஃபை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு டிஸ்க்கைத் தொடலாம். டி/351-க்கு மிகவும் இசைவான முறை இதுதான்! அந்த இயக்கம் பிறந்ததே ஒரு டிரைவர் சண்டையில்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் சீராக்ஸ் லேசர் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்த மூலநிரல் கேட்டு, கிடைக்காமல் போன கோபம் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குள் இருந்தது. 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் அந்த மடிக்கணினி தூங்கினால், புது உயிர் கொடுக்க லினக்ஸ் நல்ல வழி. ஆனால் ரங்கத் கடைப் பெண்ணிடம் போய் லினக்ஸுக்கு மாறு என்று நான் சொல்லமாட்டேன். கைரேகைக் கருவிக்காரர்கள் லினக்ஸுக்கு டிரைவர் தருகிறார்களா என்று பார்க்காமல் சொன்னால் அது இரண்டாவது முறை அவள் கடையை மூடுவதாகும்.

ஆகவே என் கருத்து இதுதான். டிரைவர் என்பது கம்பெனி என்றும் தந்துகொண்டிருக்கும் பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அப்படி இல்லை. விற்கும்போது தருவார்கள், சில வருடம் தளத்தில் வைத்திருப்பார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். பொருளோ அதற்குப் பிறகும் உழைக்கும். விஞ்சிய அந்த வருடங்களுக்கான டிரைவரை வைத்திருக்க வேண்டியவர் பொருளின் சொந்தக்காரர்தான். வீட்டுப் பத்திரத்தைப் போல அதையும் அவர் வைத்திருக்க வேண்டும்.

வைத்திருப்பது கடினமும் இல்லை. விண்டோஸிலேயே 'டிஸ்ம்' என்றொரு கருவி இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து, அதில் 'எக்ஸ்போர்ட் டிரைவர்' கட்டளையைக் கொடுத்தால், வெளியிலிருந்து வந்து சேர்ந்த டிரைவர்கள் அத்தனையையும் நீங்கள் சொல்லும் உறையில் நகல் எடுத்துக் கொடுத்துவிடும். சில நிமிட வேலை. திரும்பப் போடும்போது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தைத் தொட்டு, டிரைவரை இந்த உறையில் தேடு என்று காட்டினால் போதும். கைரேகைக் கருவி போன்றவற்றுக்கு டிரைவரோடு சேவை மென்பொருளும் வேண்டும் என்பதால், அவற்றின் நிறுவும் கோப்பையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ரங்கத்தில் நான் இதை முதல் நாள் மாலையே செய்திருந்தால், மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பாட்டி மருந்து வாங்கியிருப்பாள்.

கடைக்காரர்களிடமும் நாம் வாய் திறந்து கேட்க வேண்டும். விண்டோஸ் மாற்றித் தருகிறேன் என்று பெட்டியை வாங்கிக்கொள்ளும் எந்தக் கடையானாலும், அழிப்பதற்கு முன் டிரைவர் உறையை எடுத்து நம் பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். புதிதாக வாங்கும்போதும் அப்படியே: பெட்டி கடையை விட்டு வெளியே வருமுன் மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் பத்து மாடல் உண்டு.

சங்கத்துக்கு நான் வைக்கும் யோசனை: நூலகத்தில் ஒரு டிரைவர் அலமாரி. அலமாரி என்றால் ஒரு ஹார்டு டிஸ்க்தான். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் மடிக்கணினி, பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர்களை எடுத்து, மாடல் பெயரிட்டு அதில் ஒரு நகல் வைக்க வேண்டும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில், யாரிடம் என்ன மாடல், எந்த ஊர் என்று பதிவு. மாயாபந்தர்க்காரர் கையில் இருந்தது ரங்கத்துக்குத் தெரியாமல் போனது போல் இனி ஆகக் கூடாது. டிக்லிபூரிலோ ஹட்பேயிலோ இருப்பவருக்கு ஒரு போன் செய்தால் இங்கிருந்து அனுப்பிவைக்கலாம். இணையம் படுத்துவிட்டால் கப்பலிலோ பஸ்ஸிலோ பென் டிரைவ் போகும்.

தமிழ்ச் சங்கத்துக்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம், பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தினால் போதாதா என்று கமிட்டியில் ஒரு நண்பர் கேட்டார். மரியாதையோடு அவருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். தொண்ணூறுகளில் கணிப்பொறியில் தமிழ் அடிப்பதற்கே தனி எழுத்துருவும் தனி விசைப்பலகை நிரலும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் முறையில் அடித்ததை இன்னொருவர் திரையில் திறந்தால் புழு நெளியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகுதான் தமிழ்99 விசைப்பலகை பொதுவானது. அதுவரை அந்த நிரல்களை ஃபிளாப்பியில் போட்டுக் கைக்குக் கை கொடுத்துக் காப்பாற்றியவர்கள் யார்? வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த நம்மைப் போன்ற சங்கத்துக்காரர்கள்தான். அன்றைக்குச் செய்ததை இன்றைக்கு பிரிண்டருக்குச் செய்கிறோம், அவ்வளவே.

ஹார்டு டிஸ்க் ஒன்றை நானே வாங்கி நூலகரிடம் கொடுத்துவிட்டேன். அதில் முதல் உறை ரங்கத் மடிக்கணினியுடையது, இரண்டாவது மாயாபந்தர் பிரிண்டருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு முதல் ஆறு வரை நான் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் ஒரு காலி பென் டிரைவையும் கொண்டு வரவும். பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வந்தால் போதும். மடிக்கணினியைத் துடைத்துப் புதிதாக நிறுவித் தாருங்கள் என்று மட்டும் அன்று என்னிடம் கேட்காதீர்கள். நகல் எடுத்து, எடுத்தது திறக்கிறதா என்று பார்த்த பிறகு, அடுத்த வாரம் வாருங்கள்.